சத்தம் போடலாம், கால் நீட்டலாம், தூங்கலாம்: எங்கள் டிரைவ்-இன் தியேட்டர் நாட்கள்

கைக்குழந்தையோடு மல்டிபிளெக்ஸுக்குப் போன அம்மாக்கள் எல்லோருக்கும் அந்த நடைபாதை தெரியும். படம் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை சிணுங்கும். முன்வரிசையில் ஒரு தலை திரும்பும். நாம் எழுந்து வெளியே வந்து, கார்பெட் போட்ட நடைபாதையில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்போம். உள்ளே நடக்கிற சண்டையும் சிரிப்பும் சுவர் வழியாக மங்கலாகக் கேட்கும். அமெரிக்காவுக்கு வந்து மூத்தவள் பிறந்த பிறகு நான் போன படங்களில் பாதியை இப்படிக் காதால் மட்டும்தான் பார்த்தேன். கொஞ்ச நாளில் தியேட்டரே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

எங்களை மறுபடி சினிமாவுக்கு இழுத்து வந்தது டிரைவ்-இன், அதாவது திறந்தவெளியில் வண்டியை நிறுத்தி அதிலிருந்தபடியே படம் பார்க்கும் தியேட்டர். அழுகிற குழந்தை, முழங்கால் மடக்க முடியாத பெரியவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள், படம் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்கள், பாதியில் குறட்டை விடுகிறவர்கள் என்று சாதாரணத் தியேட்டர் யாரையெல்லாம் நாசூக்காக வெளியே நிறுத்துகிறதோ, அவர்கள் எல்லோரும் நிம்மதியாக உட்காரும் இடம் அது. அவர்களை மனதில் வைத்துத்தான் அதை உருவாக்கினார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

கண்டுபிடித்தவர் நாங்கள் குடியிருக்கும் இதே நியூஜெர்சிக்காரர். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்று பெயர். ரிவர்டன் என்ற ஊரில் தன் வீட்டு வாசலில்தான் சோதனையைத் தொடங்கினார். காரின் பானட் மேல் ஒரு கோடக் புரொஜெக்டர், எதிரே மரங்களில் அடித்து நிறுத்திய திரை, அதன் பின்னால் ஒரு ரேடியோ. மழை பெய்தால் காருக்குள்ளிருந்து படம் தெரியுமா என்று பார்க்க, புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் கார் மேல் திருப்பிவிட்டாராம். அவருடைய அம்மா கொஞ்சம் பருமனானவர், தியேட்டர் நாற்காலியில் உட்காரச் சிரமப்படுவார், அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1933 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. அடுத்த மாதமே, ஜூன் 6 அன்று, கேம்டன் பக்கத்தில் உலகத்தின் முதல் டிரைவ்-இன் திறந்தது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், ஒரு காரில் எத்தனை பேர் வந்தாலும் மொத்தம் ஒரு டாலருக்கு மேல் கிடையாது. 'பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு வாருங்கள்' என்பதுதான் அவருடைய விளம்பரம். அதைப் படித்த அன்று, பார்த்தே இராத அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் டிரைவ்-இன் வழக்கமானது மாமியாரும் மாமனாரும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கோடையில் வந்து தங்கத் தொடங்கிய பிறகு. பெற்றோரை இங்கே அழைத்து வந்தவர்களுக்கு அந்த ஆறு மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் மாதம் நயாகரா, வாஷிங்டன், கோயில். இரண்டாவது மாதத்திலிருந்து வீடு, சோபா, டிவி, ஜன்னல். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவோம். அத்தைக்குப் பேச ஆள் கிடையாது. சினிமா என்றால் உயிர் அவருக்கு. ஆனால் இங்கே தமிழ்ப் படம் போடும் தியேட்டருக்குக் கூட்டிப்போனாலும், முட்டியை மடக்கி மூன்று மணி நேரம் உட்கார முடியாது. ஏசி குளிர் ஆகாது. அதைவிட, படம் ஓடும்போது பேசாமல் இருக்க அவரால் முடியவே முடியாது. "ஐயையோ, அவன் பின்னால நிக்கிறான் பாரு" என்று கதாநாயகனை எச்சரிக்காமல் அவர் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை.

டிரைவ்-இன்னில் எங்கள் மினிவேனைத் திரைக்கு முதுகு காட்டி நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, கடைசி இருக்கையைத் தரையோடு மடக்கி, அதன் மேல் பழைய மெத்தை விரிப்பும் இரண்டு ஜமுக்காளமும் போட்டோம். அத்தை தலையணையில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் மாமா, காதுவரை இழுத்துவிட்ட குரங்குக் குல்லாவோடு. பேரப்பிள்ளைகள் அவர் காலடியில் பாயில். இருட்டத் தொடங்கியது. பேசும் மிருகங்கள் வரும் கார்ட்டூன் படம். பத்து நிமிடத்தில் அத்தை ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்தக் குட்டி ஏன் அழுவுது?"

"அதோட அம்மாவைக் காணோமாம் அத்தை."

"அடப்பாவமே. அந்த நரிதான் எதுவும் பண்ணியிருக்கும். மூஞ்சியப் பாரேன்."

இப்படியே படம் முடியும்வரை. நான் வசனத்துக்கு வசனம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். என் பெண் நடுவில் புகுந்து, "இல்ல அப்பாயி, நரி நல்லது" என்று கதையைத் திருத்தினாள். ஒரு தலையும் திரும்பவில்லை. பக்கத்து வண்டியில் அவர்கள் பாட்டுக்கு ஸ்பானிஷில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டியும் பேத்தியும் அந்த நரியைப் பற்றியே பேசினார்கள். அதுவரை அவர்கள் இரண்டு பேருக்கும் 'சாப்பிட்டியா' என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்ந்ததில்லை. மொழி தெரியாத ஊருக்குப் பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பேசிக்கொண்டே பார்க்கக் கூடிய இடத்தில் ஒரு படம் காட்டுங்கள். குழந்தைகளுக்கான படமாகத் தேர்ந்தெடுங்கள். பாதிக் கதை கண்ணுக்கே புரிந்துவிடும், மீதியைப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

டிரைவ்-இன் தரையை உற்றுக் கவனித்தவரும் அத்தைதான். இடைவேளையில் நடந்து போகும்போது, "ஏன் இப்படி மேடும் பள்ளமுமா வரப்பு கட்டி வச்சிருக்கான்?" என்று கேட்டார். ஒவ்வொரு வரிசையும் லேசான வளைவில், முன்பக்கம் உயர்ந்து இருக்கும். காரின் முன்சக்கரம் மேட்டில் ஏறி நின்றால், முன்னால் நிற்கும் வண்டியின் கூரைக்கு மேலாகத் திரை தெரியும். ஹாலிங்ஸ்ஹெட் வாங்கிய காப்புரிமையின் சாரமே இந்த மேடுதான். 1949இல் ஒரு நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அவருக்குக் காசு கட்டாமல் டிரைவ்-இன் கட்டலாம் என்றாயிற்று.

இதை நான் விளக்கியதும் அத்தைக்கு அவர்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் ஞாபகம் வந்துவிட்டது. தரை டிக்கெட்டில் முதல் ஆளாக உள்ளே ஓடி, மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். பின்னால் இருப்பவர் கத்துவார். அவரும் தன் பங்குக்கு மணலைக் குவிப்பார். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் திட்டுவார். கொட்டகை உச்சியில் கட்டிய ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டதும், வயலில் இருப்பவர்கள் வேலையை அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்புவார்களாம். "அதே மணல் மேடுதான். இவன் ரோடு ரோலர் வச்சு செஞ்சிருக்கான்" என்றார். மாமா ஊமை போல இருப்பவர். அன்று அவரும் சேர்ந்துகொண்டு, கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் வீட்டுக்குத் தெரியாமல் இரண்டாவது ஆட்டம் போன கதையைச் சொன்னார். என் கணவரே அதை அன்றுதான் முதல்முறை கேட்டார்.

இனி, போய்வந்து தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு உதவும்.

நேரம்தான் முதல் விஷயம். இருட்டினால்தான் படம். ஜூன் கடைசியில் எங்கள் பக்கம் சூரியன் மறைவதே எட்டரை மணிக்கு. அதற்குப் பிறகும் வானம் கறுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒன்பது மணிக்குக் குறைந்து படம் தொடங்காது. ஆனால் வாசலை மாலையிலேயே திறந்துவிடுவார்கள், நல்ல இடமெல்லாம் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடும். சீக்கிரம் போனால் அந்த நேரம் வீணாகாது. பல டிரைவ்-இன்களில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கும். பெரியவர்கள் பந்து விளையாடுவார்கள், யாராவது ஒரு வண்டியில் பாட்டு ஓடும். எங்கள் பிள்ளைகளுக்குப் படத்தைவிட அந்த வெளிச்சம் மங்கும் நேரம்தான் அதிகம் பிடிக்கும். முன்பின் தெரியாத குழந்தைகளோடு அரை மணி நேரத்தில் கூட்டு சேர்ந்துவிடுவார்கள்.

எங்கே நிறுத்துவது? முன்வரிசையில் கழுத்து வலிக்கும். கடைசி வரிசையில் திரை சிறுத்துவிடும். நடுவில், திரைக்கு நேர் எதிரே நிறுத்துவதுதான் நல்லது. உணவுக் கடைக்கு ஒட்டினாற்போல் வேண்டாம். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் அடிக்கும், ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் பெரியவர்கள் கூட வந்தால் இந்தக் கணக்கு மாறும். மாமாவுக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி கழிப்பறை போக வேண்டும். அவருக்காகக் கழிப்பறைப் பக்கம் போகும் பாதையின் ஓரமாக, இரண்டு மூன்று வரிசை தள்ளி நிறுத்துவோம். படம் கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தாலும், இருட்டில் கரடுமுரடான தரையில் அவரை நீண்ட தூரம் நடக்கவைக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

வேன், எஸ்யூவி மாதிரி உயரமான வண்டிகளை நிறைய இடங்களில் ஓரத்துக்கோ பின்வரிசைக்கோ அனுப்புவார்கள். அதற்குக் கோபப்படக் கூடாது. பின்னால் சின்னக் காரில் இருக்கும் குடும்பமும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கிறது. பின்கதவைத் தூக்கி வைத்தால் அது வண்டிக் கூரையைவிட உயராதபடி கயிறு போட்டுக் கட்டச் சொல்வார்கள். வீட்டிலிருந்தே ஒரு நல்ல கயிறு எடுத்துப் போய்விடுங்கள். கதவின் கொண்டியில் ஒரு முனை, வண்டிக்கு அடியில் உறுதியான ஏதாவது ஒன்றில் மறுமுனை. பேட்டரியில் இயங்கும் தானியங்கிக் கதவாக இருந்தால், அதை எந்த உயரத்தில் நிறுத்துவது என்று அமைக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. முந்தின நாளே கையேட்டைப் பார்த்துச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

விளக்குகள் இன்னொரு தலைவலி. இந்தக் காலத்துக் கார்களில் என்ஜினை எழுப்பினாலே முகப்பு விளக்கு எரியும், கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், சாவியோடு பக்கத்தில் போனாலே நாலு பக்கமும் மின்னும். உணர்ச்சிகரமான கட்டத்தில் இப்படி ஒரு வெளிச்சம் திரையில் விழுந்தால் சுற்றிலும் ஹாரன் சத்தம் கிளம்பும். பல வண்டிகளில், என்ஜினை எழுப்பும் முன் கைபிரேக்கைப் போட்டுவிட்டால் பகல்நேர விளக்கு எரியாது. உள்விளக்கை நிரந்தரமாக அணைக்கும் பொத்தான் எங்கே என்று பகலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். முன்பார்த்து நிறுத்தியிருந்தால் பிரேக்கில் கால் வைக்க வேண்டாம், பின்னால் இருப்பவர் கண்ணில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும்.

ஒலி இப்போது எஃப்எம் ரேடியோவில்தான் வருகிறது. ஆரம்பத்தில் திரைக்குப் பக்கத்திலேயே பெரிய ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள், அக்கம்பக்கத்தார் தூங்க முடியாமல் சண்டைக்கு வந்தார்கள். பிறகு 1940களில் ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர் என்று கம்பத்தில் தொங்கவிட்டார்கள். அதை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டியதை மறந்து வண்டியைக் கிளப்பிக் கம்பியோடு பிய்த்துக்கொண்டு போனவர்களின் கதை பழைய டிரைவ்-இன்காரர்கள் எல்லோரிடமும் உண்டு. இன்றைக்குத் தியேட்டர்காரர் சொல்லும் அலைவரிசையை வைத்தால் போதும்.

ஆனால் கார் ரேடியோவை நம்பி இருக்காதீர்கள். டிரைவ்-இன்னில் பெரும்பாலும் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். நடு இரவைத் தாண்டும். ரேடியோவும் கூடவே வண்டிக்குள் எரியும் சின்னத் திரைகளும் சேர்ந்து பழைய பேட்டரியைக் குடித்துவிடும். படம் முடிந்து ஆளாளுக்குக் கிளம்பும்போது, இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும் ஜம்பர் கேபிளுக்குக் கை காட்டும் ஒன்றிரண்டு வண்டிகளை எப்போதும் பார்க்கலாம். தியேட்டர் ஆட்களே வந்து உதவுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பேட்டரி போட்ட சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்று வாங்கிவிடுங்கள். அதில் இன்னொரு வசதி, வெளியே பாயில் இருப்பவர்களுக்கும் உள்ளே படுத்திருப்பவர்களுக்கும் நடுவில் வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் சீராகக் கேட்கும். காது மந்தமான மாமாவுக்கு நாங்கள் தனியாக ஒரு ரேடியோவே கொடுத்துவிட்டோம். மடியில் வைத்துக்கொண்டு அவர் விருப்பத்துக்கு ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டார். வேறு எந்தத் தியேட்டரிலும் இது நடக்காது.

கொசுவைப் பற்றி நம் ஆட்களுக்குப் பாடம் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் வீடுகளில் ஏற்றும் அதே கொசுவர்த்திச் சுருளை ஒரு காலத்தில் டிரைவ்-இன் கடைகளிலேயே விற்றிருக்கிறார்கள், இடைவேளையில் அதற்கு விளம்பரப் படமும் ஓடியிருக்கிறது. இப்போது தோலில் தடவும் மருந்தே நல்லது. பிள்ளைகளுக்குக் காலுறையும் முழுக்கால் பைஜாமாவும் போட்டுவிடுங்கள். பைஜாமாவில் இன்னொரு லாபம், இரண்டாவது படத்தில் தூங்கிப்போன பிள்ளையை அப்படியே தூக்கி வந்து கட்டிலில் போட்டுவிடலாம்.

பகலில் வெயில் கொளுத்தினாலும், பென்சில்வேனியா மலைப்பக்க டிரைவ்-இன்களில் பதினொரு மணிக்கு மேல் சில்லென்று இறங்கும். ஆளுக்கொரு போர்வை, பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் அவசியம். பனி இறங்கிக் கண்ணாடி மங்கும், துடைக்க ஒரு துண்டு வேண்டும். மழை பெய்தாலும் பெரும்பாலும் படம் நிற்காது. மூடுபனிதான் எதிரி, ஒளிக்கற்றை திரைக்குப் போய்ச் சேராது. ஒருமுறை மழையில் எல்லோரும் வண்டிக்குள் அடைந்துகொண்டு, வைப்பர் போகிற நேரத்தில் தெரிந்த காட்சிகளை மட்டும் பார்த்தோம். பிள்ளைகள் இன்றுவரை அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

விளக்கெல்லாம் அணைந்த பிறகு வண்டிகளுக்கு நடுவே பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். தாமதமாக வருகிறவரும் பாதியில் கிளம்புகிறவரும் முகப்பு விளக்கு போடாமல் மெதுவாக ஊர்ந்து வருவார்கள். கையில் மினுக்கும் வளையல் மாட்டிவிட்டால் பிள்ளை எங்கே இருக்கிறது என்று நமக்கும் தெரியும், ஓட்டுகிறவருக்கும் தெரியும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தியேட்டரின் உயிரே இருக்கிறது. சில டிரைவ்-இன்களில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. சிலவற்றில் தனியாக ஒரு கட்டணம் கட்டினால் கொண்டுவரலாம். சிலர் கண்டுகொள்வதில்லை. போகும் முன் அவர்கள் இணையதளத்தில் விதிகளைப் படித்துவிடுங்கள். அனுமதி உள்ள இடத்தில் நாங்கள் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொண்டு போவோம். அத்தை கையால் பிசைந்து உருட்டிக் கொடுக்க, பிள்ளைகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாங்கிச் சாப்பிடுவார்கள். ஆனால் அன்றும் கடையில் பாப்கார்னோ வறுவலோ கட்டாயம் வாங்குவோம். டிக்கெட் காசில் பெரும் பங்கு படக் கம்பெனிக்குப் போய்விடும். வருடத்தில் பாதி நாள், அதிலும் ராத்திரியில் மட்டும் நடக்கும் தொழில். தியேட்டர்காரருக்கு மிஞ்சுவது அந்தக் கடை வருமானம்தான். அமெரிக்க நண்பர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்ட பிறகு, சாப்பாட்டுக் கட்டணத்தையும் பாப்கார்ன் விலையையும் நான் முணுமுணுக்காமல் கொடுக்கிறேன்.

ஏனென்றால் இவை எவ்வளவு சீக்கிரம் மறைந்துபோகும் என்பதற்கு எங்கள் மாநிலமே சாட்சி. 1958 வாக்கில் அமெரிக்கா முழுவதும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன. இன்றைக்கு முந்நூறைச் சுற்றித்தான் இருக்கின்றன. டிவி, வீடியோ கேசட் என்று காரணங்கள் பல. ஆனால் எனக்குத் தோன்றுவது நிலம்தான். ஏக்கர் கணக்கில் ஊர் எல்லையில் சும்மா கிடந்த நிலம், ஊர் வளர்ந்ததும் பொன்னாகிவிட்டது. விற்றவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதோடு 1967 முதல் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளும் வழக்கம் நாடெங்கும் வந்தது. படம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் தாமதம், மறுநாள் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? டிரைவ்-இன் பிறந்த நியூஜெர்சியில் கடைசியாக இருந்ததும் 1991இல் மூடப்பட்டது. பல வருடம் மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. வைன்லேண்டில் 1949இல் தொடங்கி 1987இல் மூடிய டெல்சி டிரைவ்-இன்னை ஒரு குழந்தை மருத்துவரின் குடும்பம் வாங்கி, 2004இல் மறுபடி திறந்தது. அதன் பிறகும் வெகுகாலம் நியூஜெர்சிக்கு அது ஒன்றுதான்.

பென்சில்வேனியாவுக்குப் போனால் இன்னும் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். ஓர்ஃபீல்டில் இருக்கும் ஷாங்க்வைலர்ஸ் 1934இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிற டிரைவ்-இன்களில் அதுதான் மிகப் பழையது. லீஹைட்டன் ஊரின் மஹோனிங் டிரைவ்-இன் இன்னும் 35 மி.மீ. பிலிமில்தான் படம் காட்டுகிறது. 2013 வாக்கில் படக் கம்பெனிகள் பிலிம் பிரதி அனுப்புவதை நிறுத்தத் தொடங்கியபோது, டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்கப் பல்லாயிரக்கணக்கான டாலர் இல்லாமல் நிறையச் சின்ன டிரைவ்-இன்கள் தவித்தன. ஹோண்டா கம்பெனி அந்த வருடம் சில தியேட்டர்களுக்குப் புரொஜெக்டர் கொடுத்தது. மஹோனிங்காரர்கள் வேறு வழியில் போனார்கள், பழைய படங்களின் பிரதிகளை வாங்கிப் போட்டுத் தாக்குப்பிடித்தார்கள். பிலிம் ரீல் ஓடும் படபடச் சத்தத்தை வளரும் பிள்ளைகள் ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அங்கே போகலாம். அத்தைக்கு அந்தச் சத்தம் அப்படிப் பிடித்தது.

2020 கோடையில் விமானம் இல்லை, அத்தையும் மாமாவும் வர முடியவில்லை. உள்ளரங்கத் தியேட்டர் எல்லாம் பூட்டிக் கிடந்தது. டிரைவ்-இன் வாசலில்தான் அந்த வருடம் வரிசை நின்றது. எங்கள் தமிழ் நண்பர்கள் மூன்று குடும்பமாகப் போய், ஒரு வண்டி இடைவெளி விட்டு நிறுத்தி, அவரவர் பாயில் உட்கார்ந்தபடியே கத்திக் கத்திப் பேசிக்கொண்டோம். மாதக்கணக்கில் போனில் மட்டும் கேட்ட குரல்கள். என்ன படம் ஓடியது என்பது எனக்கு நினைவில்லை.

ஊரில் இருப்பவர்கள், சென்னை ஈசிஆரில் இருந்த பிரார்த்தனாவைத்தான் டிரைவ்-இன் என்றதும் நினைப்பார்கள். அங்கே போன அனுபவம் எனக்கு வாய்க்கவில்லை. போனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதாநாயகன் பெயருக்கு முன்னால் அன்று யார் யார் கூட வந்தார்கள் என்பதைத்தான் சொல்வார்கள்.

பெற்றோரை அழைக்க டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான டிரைவ்-இன்கள் ஏப்ரல், மே வாக்கில் வார இறுதிகளில் மட்டும் திறக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாரம் முழுக்கவோ பல நாளோ நடக்கும். செப்டம்பரில் மறுபடி வார இறுதிக்குச் சுருங்கிவிடும். எல்லோரும் ஜூலையில் போகிறார்கள். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரம்தான். அப்போது சூரியன் எட்டு மணிக்கு முன்பே மறைந்துவிடும், படம் எட்டரையை ஒட்டியே தொடங்கும், கொசுவும் கொஞ்சம் அடங்கியிருக்கும். பெரியவர்கள் மாத்திரை சாப்பிட்டுப் படுக்கும் நேரம் பெரிதாகத் தப்பாது. முதல் படம் முடிந்ததும் இடைவேளையிலேயே கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில் வாசலில் நெரிசல் இருக்காது, முகப்பு விளக்கு போட்டாலும் யாரும் திட்ட மாட்டார்கள். எங்கள் அத்தை மாதிரி, "ரெண்டாவது படத்துக்கும் காசு குடுத்திருக்கோம்ல?" என்று கேட்கிறவராக இருந்தால் மட்டும், கூடுதலாக ஒரு போர்வையும் பிளாஸ்க் நிறையக் காபியும் எடுத்துக்கொள்ளுங்கள்.